கதவோர இருக்கை

விமானம் பழுதுபார்க்கும் ஹாங்கரில் போன் அலறியது.

டெல்சி கையிலிருந்த ஸ்பேனரை வைக்காமலே எடுத்தாள்.

"டவர்லேர்ந்து பேசறேன். உங்க விமானம் பாதியில திரும்பி வருது... உங்க அண்ணன் ஓர்மாண்டோ..."

"என்ன ஆச்சு?"

"மூச்சு இல்லையாம், டெல்சி!"

போனை வைத்தாள். பாதியில் விட்ட போல்ட்டை முழுசாக இறுக்கினாள்.

அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

ஆறு பேர் உட்காரும் அந்தக் குட்டி விமானம் வந்து நின்றது. கதவோர இருக்கையில் ஓர்மாண்டோ. உதடுகள் நீலம்!

பொலிவியாவின் சமவெளி ஊரான டிரினிடாட்டின் வெயிலில் வியர்த்து வழிய, மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் வந்து இறங்கினார் போலீஸ் லெப்டினன்ட் சோக்கே. மலை ஊர்க்காரர். கையில் பாதி கடித்த சீஸ் ரொட்டி.

"என்னய்யா நடந்தது?"

பைலட் ரோமுலோ முன்னால் வந்தான்.

"லா பாஸ் போக மலை மேல ஏறினோம் சார். கதவு ரப்பர் சீல் லீக்! கேபின் பிரஷர் மொத்தமும் போயிடுச்சு. எனக்குத் தலை சுத்தினதும் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கிட்டேன். பின்னாடி அவரு தூங்கிட்டிருந்தாரு..."

"காத்து சீறுற சத்தம் கேக்கலையா?"

"எங்க சார்! வென்டிலேஷன் ஃபேன் பேய் மாதிரி ஊளையிட்டுச்சு. அதுல எது காதுல விழும்?"

சோக்கே திரும்பினார்.

"சீல் மாட்டினது யாரு?"

"நான்தான்," என்றாள் டெல்சி.

"அடப்பாவமே! சொந்த அண்ணனை நீயே..."

அவள் விமானத்துக்குப் போனாள். கதவை மூடினாள். சீலுக்குள் காற்றை ஏற்றினாள். சுற்றிலும் சோப்புத் தண்ணீரைப் பூசினாள்.

ஒரு குமிழிகூட வரவில்லை!

"இங்க வராது!" ரோமுலோ அவசரமாய்ச் சொன்னான். "மேல குளிர்ல ரப்பர் இறுகிடும். அப்பதான் லீக் ஆகும்."

"அப்படியும் நடக்குமாம்மா?"

"நடக்கும் சார்."

சோக்கே பெருமூச்சு விட்டார். ரொட்டியை வாயருகே கொண்டுபோனார்.

"ஆனா சார்..." டெல்சி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். தரைப் பலகையைக் கழற்றினாள். "ஃபேன் ஊளையிட்டுச்சுன்னு சொன்னானே... அது இருக்க வேண்டிய இடம் இதான்."

சோக்கே குனிந்தார். உள்ளே வெறும் ஓட்டை!

"ஒரு வாரமா சத்தம் சத்தம்னு இவன்தான் புலம்பினான். நேத்து சாயங்காலம் கழட்டிட்டேன். பேரிங் தேய்ஞ்சிருக்கு. அதோ, என் மேஜை மேல கிடக்கு. சொல்ல மறந்துட்டேன் ரோமுலோ."

ரோமுலோவின் முகம் வெளுத்தது. காதில் ஹெட்போன், மனசில் கொலை... ஃபேன் ஓடாததை அவன் கவனிக்கவே இல்லை!

"ஃபேன் சத்தம் பொய். சீல் லீக்கும் பொய்தான். அப்போ காத்து எப்படிப் போச்சு?" என்றார் சோக்கே.

டெல்சி பைலட் இருக்கைக்கு எதிரே இருந்த சிவப்பு சுவிட்சைக் காட்டினாள்.

"இதைத் தட்டினா கேபின் பிரஷர் மொத்தமும் வெளியே போயிடும் சார். தட்டறவன் மாஸ்க் போட்டிருந்தா பிழைச்சுக்குவான்."

"எதுக்குடா கொன்னே?" சோக்கே அவன் சட்டையைப் பிடித்தார்.

ரோமுலோ டெல்சியையே பார்த்தான். மெல்ல மொபைலை எடுத்தான். ஓர் ஆடியோவைத் தட்டினான்.

ஓர்மாண்டோவின் குரல்!

'ஹாங்கரை விக்க டெல்சி கையெழுத்து போட மாட்டேங்கறா. கதவு விசில் அடிக்குது, கேட்டுப் பாருன்னு சொல்லி அவளை மேல கூட்டிட்டுப் போ. கதவோரமா உக்கார வை. அப்புறம் சுவிட்சு. சீல் லீக்குனு சொல்லிக்கலாம்... மாட்டினவளே அவதானே!'

சோக்கே சட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"மாட்டேன்னா வேற ஆளை வச்சு முடிச்சிருப்பாரு, டெல்சி," என்றான் ரோமுலோ. "உனக்கு உடம்பு சரியில்லை, இன்னிக்கு வர முடியாதுன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன். லா பாஸ்ல மாட்டு வியாபாரம்னு அவரே ஏறினாரு. நீ பார்த்த எஞ்சினை நம்பித்தான் தினமும் மலையைத் தாண்டறேன்... உன்னை எப்படி?"

டெல்சி அண்ணனின் நீல உதடுகளைப் பார்த்தாள். ரோமுலோவின் கையிலிருந்த மொபைலைப் பார்த்தாள். யாருக்காக அழுவது?

"சார்... இவனை..." அவள் ரோமுலோவின் பக்கம் நகர்ந்தாள்.

சோக்கே ரொட்டியைப் பைக்குள் போட்டார். விலங்கை எடுத்தார்.

"புரியுதும்மா. ஆனா நல்ல மனசுக்காரனுக்குன்னு ஸ்டேஷன்ல தனி விலங்கு வாங்கித் தரலையே!"