வால்வில் ஒரு கிளவுஸ்

பேனலில் இறங்கிக்கொண்டே வந்த பி.எச். எண், ஜுபைர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்று, பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. 8.3 இருந்தது. 8.4 ஆனது. ஆசிட் பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீல கேனில் மட்டமும் குறைந்துகொண்டுதான் வந்தது. காரத் தண்ணீரில் ஆசிட் விழ விழ எண் இறங்கியாக வேண்டும். பதினோரு வருஷ சர்வீஸில் அது ஏறி அவன் பார்த்ததில்லை.

மூக்கண்டப்பள்ளியில் இரும்புச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனி அது. சாமான்களைக் கழுவிய காரத் தண்ணீர் மேல்தொட்டியில் சேரும். பெரிய வால்வைத் திறந்தால் தரைக்கடியில் இருக்கும் நாற்பதாயிரம் லிட்டர் டேங்குக்குள் இறங்கும். அங்கே ஆசிட் விட்டு ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் வெளியே விடலாம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, லைன் ஓடவில்லை. ஷெட்டின் தகரக் கூரையில் மூன்றரை மணி வெயில் படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, டேங்குக்குள் காற்றைச் செலுத்தும் புளோயர் இரைய, மூடியின் விளிம்பிலிருந்து அழுகிய முட்டையும் துருவும் கலந்த வாடை விட்டுவிட்டு வந்தது. கேட்டில் இருக்கும் பெரியதம்பியைத் தவிர வளாகத்தில் வேறு ஆள் இல்லை.

சென்சாரில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று கழுவிப் போட்டான். 8.6.

அப்போதுதான் மேஜையில் கிடந்த கிளவுஸைப் பார்த்தான். பார்த்தான் என்று சொல்வது கூடத் தப்பு. ஒன்றரை மணி நேரமாக அதைப் பார்க்காமல் இருக்க அவன் பாடுபட்டுக்கொண்டிருந்தான். ஆரஞ்சு ரப்பர் கிளவுஸ். ஒற்றை.

முதல் ஷிப்ட் முனிராஜுக்கும் இரண்டாம் ஷிப்ட் ஜுபைருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. சேறு வழிக்க டேங்குக்குள் இறங்குகிறவன் ஒரு கிளவுஸை வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டு இறங்குவான். அது தொங்கும்வரை வால்வை யாரும் தொடக்கூடாது. கம்பெனிச் சட்டப்படி இரண்டு ஆள், பெல்ட், கையெழுத்து எல்லாம் வேண்டும்தான். அதெல்லாம் ஆடிட்டர் வருகிற நாளுக்கு. மற்ற நாளெல்லாம் கிளவுஸ்தான்.

ஆனால் முனிராஜ் மறதிக்காரன். மேலே ஏறி வந்த பிறகு கிளவுஸை எடுக்காமலே வீட்டுக்குப் போய்விடுவான். இந்த மாதத்திலேயே மூன்று தடவை. உன் பெண்டாட்டியை பஸ் ஸ்டாண்டிலேயே மறந்துவிட்டு வரப்போகிறாய் என்று ஜுபைர் அவனைக் கிண்டல் செய்வான். இன்று இரண்டு மணிக்கு வந்தபோதும் கிளவுஸ் தொங்கிக்கொண்டிருந்தது. டேங்க் மூடி பாதி திறந்திருந்தது. முனிராஜ் என்று ஒரு குரல் கொடுத்தான். பதில் இல்லை. வாடை தாங்காமல் மூடியைக் காலால் தள்ளிச் சாத்தினான். கிளவுஸை உருவி மேஜையில் போட்டான். வால்வைத் திறந்தான்.

குனிந்து பார்க்கவில்லை.

தண்ணீர் இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கீழே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. குழாயில் காற்று அடைத்தால் அப்படித்தான் தட்டும் என்று ஜுபைர் டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது டேங்க் வாய்வரை நிரம்பிவிட்டதாகப் பேனல் காட்டியது. வால்வை இறுக மூடிவிட்டு ஆசிட் பம்பைப் போட்டான்.

8.9.

புளோயரை நிறுத்தினான். இரைச்சல் அடங்க, கூரை வெடிப்பது மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

டொக். டொக். டொக்.

குழாயில் இல்லை. மூடிக்கு நேர் கீழே. வால்வை மூடி முக்கால் மணி நேரமாகிவிட்டது. உள்ளே ஒரு சாண் காற்றுக்கூட இருக்க வழியில்லை. இருந்தும் யாரோ அவசரமே இல்லாமல், வீட்டுக் கதவைத் தட்டுவதுபோலத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எண் ஒரு புள்ளி ஏறியது.

போன் அடித்ததில் ஜுபைருக்கு உயிர் போய் வந்தது. மேகலா. முனிராஜின் மனைவி.

"அண்ணா, அவுரு கெளம்பிட்டாரா? போன எடுக்கவே மாட்டேங்கறாரு. ஊத்தங்கரைக்கு நாலரை பஸ்ஸு. புள்ளைக்கு நாளைக்குக் காது குத்து. சேறு வழிச்சிட்டு சீக்கிரம் வந்துடறேன்னு சொன்னாரு."

பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லத்தான் ஜுபைர் வாயைத் திறந்தான். இந்த நிமிஷம்கூட கேட்டுக்கு ஓடலாம், பெரியதம்பியைக் கூப்பிடலாம், மூடியைத் தூக்கலாம். ஆனால் கிளவுஸை எடுத்தது யார் என்று முதலில் கேட்பார்கள்.

"கெளம்பிட்டாம்மா. அப்பவே கெளம்பிட்டான்."

சொல்லி முடித்ததும் கீழே தட்டுவது நின்றது.

மேகலா சரிங்கண்ணா என்று வைத்துவிட்டாள். ஜுபைர் முனிராஜின் நம்பரை அழுத்தினான். டிரெஸ் மாற்றும் அறையில், கதவுக்குப் பின்னால், ஆணியில், முனிராஜின் சட்டைப் பையில் போன் பாடியது. கீழே செருப்பு. பக்கத்தில் குழந்தைக்கு வாங்கிய பலூன் பாக்கெட். ஜுபைர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

திரும்பி வந்தான். ஓரக்கண்ணால் பேனலைப் பார்த்தான்.

9.2. 8.1. 7.6.

அவ்வளவு வேகமாக எந்தத் தண்ணீரும் இறங்காது.

7.2. நின்றுவிட்டது. அசையவில்லை. தினமும் இந்த எண்ணுக்காகத்தான் மல்லுக்கட்டுவார்கள்.

மூடியைத் தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை. கை வரவில்லை.

மேஜையைப் பார்த்தான். கிளவுஸ் இல்லை. கிடந்த இடத்தில் ஈரம். மேஜையிலிருந்து தரைக்கு. தரையில் சொட்டு. இன்னொரு சொட்டு. வால்வுவரை.

அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம். ஒற்றை.

வெறும் கிளவுஸ் தொங்குகிற மாதிரி இல்லை. ஐந்து விரலும் புடைத்திருந்தன. சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தன. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லை. அந்தத் திறந்த வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

அவன் இறுக மூடியிருந்த சக்கரம், கிறீச்சென்று, இன்னும் மூடும் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது.