சுவருக்கு ஒரு முகம்

செவ்வாய்க் கிரகத்துத் தாமிரபரணிக் குடியேற்றத்தில் ஒருவர் இறந்தால் அழுது முடிக்க நாற்பது நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் உடல் தக்காளிப் பாத்திக்குப் போய்விடும். மண் அங்கே அவ்வளவு அருமை. போன வருடம் போனவரை இந்த வருடம் ரசத்தில் சந்திக்கலாம் என்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. பதினாறாம் நாள் படத்திறப்பு மட்டும் பூமியிலிருந்து கூடவே வந்துவிட்டது. பொதுச்சுவரில் ஆளுக்கு ஒரு சாண் இடம், ஒரே ஒரு படம்.

சண்முகவடிவு இறந்த பதினான்காம் நாள் பதிவன் வாசலில் வந்து நின்றது. பதிவன் என்பது குடியேற்ற அலுவலகத்து எந்திரன்.

"அம்மாவின் படம் தயாரா ஐயா?"

அவள் கணவர் பலவேசம் தலையைச் சொறிந்தார். காற்றுக் குழாய்களைப் பழுதுபார்ப்பது அவர் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் படம் எடுப்பதுதான். அங்கே எல்லோருக்கும் இமைக்குள் காமிரா உண்டு. இரண்டு தரம் சிமிட்டினால் படம். அவருக்கு அது போதவில்லை. உடைந்த தலைக்கவசக் கண்ணாடியைத் தேய்த்துக் கண்முன் வைத்துப் பார்த்தார். ஊறுகாய் பாட்டிலின் அடியை வைத்துப் பார்த்தார். கம்பி முனையில் தண்ணீர்ச் சொட்டைத் தொங்கவிட்டு அதையே லென்ஸ் ஆக்கினார். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. சொட்டு விழ மனமில்லாமல் பெருத்துத் தொங்கும். அரிசி மூட்டையில் ஒளிந்து வந்த எறும்பு, உப்புக்கல், துரு, தன் கட்டைவிரல் நகம் என்று முப்பத்தோரு வருடத்தில் நான்கு லட்சம் படங்கள். அவற்றில் மனைவியின் முகம் இல்லை.

"எறும்புக் காலுக்கு முந்நூறு படம் வச்சிருக்கிய," என்றாள் கொழுந்தியாள் பூரணம். "எங்கக்காவுக்கு ஒண்ணு எடுக்கக் கை வரலையாக்கும்?"

"எப்பவும் பக்கத்துலயே இருந்தா. எங்க போயிரப் போறான்னு இருந்துட்டேன். ஏன், நீ எடுத்திருப்பியே?"

பூரணம் தன் சேமிப்பைத் தேடினாள். விசேஷங்களுக்கு எல்லோரும் கைக்கண்ணாடி கொண்டுபோவார்கள், அதில் தங்களைப் பார்த்துச் சிமிட்டிக்கொள்ள. பூரணத்தின் படங்களில் பூரணம் இருந்தாள். ஓரத்தில் அக்காவின் தோள் இருந்தது, ஒரு காது இருந்தது.

"அத்தான், காது வேணுமா?" என்றவள் அழுதுவிட்டாள்.

சண்முகவடிவு வந்திறங்கிய அன்று எடுத்த அடையாளப்படத்தில் தலைக்கவசம். அதன் கண்ணாடியில் எடுத்தவனின் முகம்.

"பொதுமுகம் தரலாம்," என்றது பதிவன். "அறுபது வயதுப் பெண்முகம் கையிருப்பில் உண்டு. சிரிப்பும் சேர்த்து." சுவரில் பாதிப்பேர் அந்த ஒரே சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாள் பொறு," என்றார் பலவேசம்.

மனைவியின் இமைச் சேமிப்பை அன்றுதான் திறந்தார். இத்தனை வருடத்தில் அவள் எடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாம் அவருடைய உச்சந்தலை. முதல் படத்தில் அடர்ந்த முடி. போகப்போக ஈர்க்கு ஈர்க்காய்க் குறைந்து கடைசியில் வழுக்கை. ஒன்றிலாவது அவர் நிமிரவில்லை. சிலவற்றில் இருவருக்கும் நடுவே கம்பி முனையில் ஒரு சொட்டு தொங்கியது.

அவர் படம் எடுக்கும்போதெல்லாம் எதிரில் நின்று டார்ச் பிடித்தவள் அவள்தானே. அங்கிருந்து சொட்டுக்கு அப்பால் தான் தெரிந்தால், இங்கிருந்து சொட்டுக்குள் அவள் தெரிய வேண்டுமே. நாளையும் நேரத்தையும் ஒப்பிட்டுத் தேடினார். எறும்பு தெளியவில்லை என்று கழித்துப்போட்ட படம் ஒன்றில், சொட்டுக்குள் தலைகீழாக, அரிசியளவில் நின்றாள் சண்முகவடிவு. நிமிர்த்திப் பெரிதாக்கினார். கையில் டார்ச். ஏதோ சொல்லத் திறந்த வாய். என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அன்று அவர் கேட்டிருக்கவில்லை.

பதினாறாம் நாள் படத்தைத் திறந்தார்கள். ஊரே திரண்டு வந்தது. வந்தவர்கள் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை உயர்த்தி, தங்கள் தோளுக்குப் பின்னால் அவளும் விழுமாறு சிமிட்டிக்கொண்டார்கள். பூரணமும்தான்.

சுவரைப் பார்த்து நின்றவர் பலவேசம் ஒருவரே. சிமிட்டாமல் பார்த்தார். இடது கன்னத்தில் நிழல் அதிகம்.

"வடிவு, டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு," என்றார்.

சொல்லிவிட்டு, அவள் தள்ளுவதற்காகக் காத்து நின்றார்.