நாலு மணி மேடு

மழைக்கு ஒதுங்கியவன் அவளுடைய கருவிக்கு நேர் கீழே நின்றான். அது அவளுக்குத் தெரியாது.

உள்ளே, திரையில் கோடு ஏறியது. கதிரியக்க அயோடின்... அணுஉலை கசிந்தால் காற்றில் முதலில் வருபவற்றில் ஒன்று. ஆற்றின் அக்கரை வேறு நாடு, அங்கேதான் உலை. இக்கரையில், எந்த அரசையும் சாராத இந்தக் கண்காணிப்பு அறை. அதில் அவள் ஒருத்தி.

கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கையை அனுப்பினாள். முதலில் சுற்றிப் பார், பிறகு அனுப்பு என்று சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் அவள்தான்.

அதற்குப் பிறகே கைக்கருவியுடன் வெளியே வந்தாள். ஆற்றுப் பக்கம் திருப்பினாள், முனகியது. வாசலில் கருவி பொருத்திய தூண் பக்கம் திருப்பினாள், அலறியது.

தூணோரம் அவன். நனைந்த இமைகள். பல நாள் தூங்காத கண்கள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"காலையில ரெண்டு பிரெட்." கருவியைப் பார்த்தான். "ஓ... அதுவா? தொண்டையில கட்டி. முந்தாநாள் ஆஸ்பத்திரியில அயோடின் மாத்திரை குடுத்தாங்க. யார் பக்கத்துலயும் போகாதேன்னாங்க. நான் எங்கயும் போகலீங்க. நீங்கதான் வர்றீங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கருவிகளைப் பொம்மை என்று அக்கரைக்காரர்கள் நாலு வருடமாகச் சொல்கிறார்கள். எச்சரிக்கையை வெறுமனே திரும்பப் பெற்றால், அவள் விலைபோய்விட்டாள் என்பார்கள் இக்கரைக்காரர்கள். காரணத்தோடு சொல்லவேண்டும். அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டாள்.

முடியாது, அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றான். அப்பா இதே நோயில்தான் போனார். வேலை விஷயமாக வெளியூர் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு லாட்ஜில் தங்கியிருக்கிறான்.

அப்போது அவன் போன் அடித்தது. அம்மா. பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாளாம். உலை கசிந்துவிட்டதாம். அவன் வராமல் பஸ் ஏறமாட்டாளாம்.

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அம்மா... அங்க எதுவும் கசியல. நான்தான்."

சொல்லி முடித்ததும் சீட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு விலகி நின்றான்.

மறுநாள் அக்கரைப் பத்திரிகை சிரித்தது. எச்சரிக்கையைத் திரும்பப் பெற்ற அறிக்கையில், தவறு தன்னுடையது என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவமானம் நெஞ்சில் முள்ளாய் நின்றது. மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் முகம் கொடுக்கவில்லை.

ஆனாலும் தினமும் நாலு மணிக்கு வந்தான். வாசல் கேட்டுக்கு வெளியே, சற்று நேரம். அம்மா ரெண்டு நாள் அழுதாள், அப்புறம் தன் தட்டை எட்டத்தில் போட்டுக்கொண்டு கூடவே சாப்பிடுகிறாள் என்று ஒருநாள் அங்கிருந்தே சொன்னான். அவள் உள்ளே திரும்பிப் போனாள். திரையில் நாலு மணிக்கு ஒரு சிறு மேடு எழும். காரணம் எழுதவேண்டிய இடத்தில் 'அவர்' என்று எழுதினாள்.

வாரத்துக்கு வாரம் மேடு தாழ்ந்தது. நல்ல செய்தி. அவளுக்கு ஏனோ மாலைகள் கனத்தன...

ஒருநாள் கோடு அசையவே இல்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே அவன், குடையில்லாமல்.

"இன்னிக்கு எதுவும் காட்டல," என்றாள்.

"நல்லதுதானே. அடுத்த மாசம் திரும்பப் பார்க்கணும்னாங்க. கட்டி மிச்சம் இருந்தா இன்னொரு மாத்திரை."

"தேதி சொல்லுங்க. குறிச்சு வெச்சுக்கறேன்."

அவன் சிரித்தான். கண்கள் சிரிக்கவில்லை. "அதுவரைக்கும் நான் வந்து நின்னாக்கூட உங்க மெஷினுக்குத் தெரியாது."

அவள் கேட்டைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியும்."