நாலாம் நம்பர் சைக்கிள்

அரிக்கா நகரின் தெற்குக் கடற்கரைச் சாலை முடிகிற இடத்துக்கு அன்று ஐந்து பேட்டரி சைக்கிள்கள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மூடுபனி விலகி, வெயில் சுள்ளென்று இறங்கியிருந்தது. இடப்பக்கம் ஒரு புல்கூட முளைக்காத பழுப்பு மலை. வலப்பக்கம் கடல். பறவை எச்சம் படிந்து வெளுத்த பாறைகளிலிருந்து அந்தப் புளித்த நெடி, எப்போதும் போல.

டானிட்சா முதலில் இறங்கினாள். நாலு வருஷமாகப் பயணிகளை இந்தப் பாதையில் கூட்டி வருகிறவள். சொல்ல வேண்டியதை அவள் யோசிக்கத் தேவையில்லை, வாயே சொல்லிவிடும்.

"வண்டிய வேலிகிட்ட நிறுத்திக்குங்க. யாரும் வேலிய தாண்டக் கூடாது. பத்து நிமிஷம் படம் எடுத்துட்டு குகைப் பக்கம் நடக்கலாம்."

மூன்று பேர் நிறுத்தினார்கள். நாலாவது ஆள் நிறுத்தவில்லை.

அவள் பெயர் சுலெய்டே. பிரேசிலிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட ஆசிரியை, வயது அறுபது இருக்கும். நாலாம் நம்பர் சைக்கிள் அவளுடையது. கம்பி வேலியில் மீன்பிடிக்கிறவர்கள் நுழைந்து போகிற இடைவெளி ஒன்று உண்டு. அந்தம்மாள் அதற்குள் வண்டியை மெதுவாகச் செலுத்திக்கொண்டு போனாள். பயப்படுகிற முகமில்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்கிறவள் மாதிரி சிரித்துக்கொண்டே போனாள்.

டானிட்சா ஓடிப்போய்ப் பின்பக்க கேரியரைப் பிடித்து இழுத்தாள். முன்சக்கரத்துக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. கீழே கடல் குகைக்குள் மோதித் திரும்புகிற சத்தம்.

"என்ன செனோரா இது? உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"ஏன் கோவிச்சுக்கிறே? உங்க பொண்ணுதானே சொன்னா."

"எந்தப் பொண்ணு?"

"என் பின்னாடி உட்கார்ந்து வந்தாளே, அவதான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க, அங்கேர்ந்துதான் நல்லா தெரியும்னா."

சொல்லிக்கொண்டே சுலெய்டே திரும்பிப் பார்த்தாள். கேரியரில் யாரும் இல்லை. அவள் சிரிப்பு முகத்திலேயே காய்ந்து போனது.

டானிட்சா தன் கையைப் பார்த்தாள்.

கை நனைந்திருந்தது.

அந்த ஊரில் மழை கிடையாது. தொட்டால் சுடுகிற வெயிலில் கேரியரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அவளுக்கு அப்போது நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். படபடக்கவில்லை. எட்டு மாதமாக அவளுக்கு எதுவும் அப்படி நடப்பதில்லை. பசித்தால் சாப்பிட்டாள், இருட்டினால் படுத்தாள். மரத்துப்போன காலில் ஊசி குத்தினால் எப்படியோ அப்படித்தான் எல்லாம் அவளுக்கு.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் தங்கை இவோன் இதே பாறையில் நின்றுகொண்டிருந்தபோது ஓர் அலை வந்து அவளை வாரிக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. அவள் ஓட்டிவந்த நாலாம் நம்பர் சைக்கிள் மட்டும் வேலியில் சாய்ந்து நின்றது.

இது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு.

அன்று கடல் பொங்கும் என்று காலையிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. மறுநாள் சைக்கிள் சவாரிக்கான புது விளம்பரத் தாள் அச்சுக்குப் போக வேண்டும், அட்டைக்குப் படம் இல்லை. "அலை பெருசா இருக்காம் டானி, நாளைக்குக் காலைல போய் எடுத்துட்டு வரேனே," என்றாள் இவோன். டானிட்சா கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"இன்னிக்கே போ. வேலிய தாண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னு எடு. அங்கேர்ந்துதான் நல்லா தெரியும்."

அந்த வார்த்தைகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பிரேசில்காரி ஒருத்தி அதை அப்படியே ஒப்பிக்கிறாள்.

டானிட்சாவின் சைக்கிள் வாடகைக் கடை துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இவோனின் கணவன் யெர்கோதான் அங்கே மெக்கானிக், கல்லா, வாட்ச்மேன் எல்லாம். பேச்சை நிறுத்தினால் செத்துவிடுவோம் என்பதுபோல் பேசிக்கொண்டே இருப்பான். எட்டு மாதமாக அது இன்னும் அதிகமாகியிருந்தது.

"வாங்க வாங்க! ஏன் செனோரா மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? வண்டி இழுக்கலையா? ராத்திரி எத்தனை எம்பனாதா பலகாரம் உள்ள தள்ளுனீங்க, உண்மைய சொல்லுங்க!"

சுலெய்டே சிரிக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இந்த வண்டிய இனிமே யாருக்கும் கொடுக்காதே தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பயணிகள் எல்லாரும் போனபின் டானிட்சா நடந்ததைச் சொன்னாள், அந்த வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு. யெர்கோ கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்.

"எனக்குத் தெரியும்," என்றான் கடைசியில்.

"என்ன தெரியும்?"

"ஒரு மாசமா காலைல கடை திறந்ததும் முதல் வேலையா அந்த வண்டி சீட்டத்தான் துடைக்கிறேன். தினமும் ஈரம். மத்த வண்டியெல்லாம் காஞ்சு கிடக்கு. ராத்திரி ஃபுல்லா சார்ஜ் ஏத்தி வச்சா காலைல பாதிதான் இருக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வண்டிய வித்துடுவே." அவன் குரல் உள்ளே போய்விட்டது. "துடைக்கும்போது அவ வாசனை வருது டானி."

இரண்டு பேரும் அந்தச் சைக்கிளைப் பார்த்தார்கள். சுவரோரம் சாதுவாக நின்றது. அதன் கீழே சிமெண்டுத் தரையில் கையகலத்துக்குத் தண்ணீர்.

"இன்னிக்கு அந்தம்மா விழுந்திருந்தா?" என்றாள் டானிட்சா.

"எரிச்சுடுவோம். எனக்கும் வேற வழி தெரியல."

"வண்டிய எரிச்சா அவ எங்க போவா?"

யெர்கோ ஸ்பேனரைக் கொக்கியில் மாட்டினான்.

மறுநாள் ஞாயிறு. உச்சி வெயிலில் டானிட்சா நாலாம் நம்பர் சைக்கிளை வெளியே எடுத்தாள். காலையில் மறுபடி ஏற்றிய சார்ஜ் முழுதாகக் காட்டியது. "நானும் வரேன்," என்றான் யெர்கோ. "நீ வந்தா உங்கூடத்தான் பேசுவா. நான்தான் பேசணும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஊரை ஒட்டிய மோரோ பாறைக் குன்றைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. கடற்கரையில் குடை விரித்துக் குடும்பங்கள். மாம்பழச் சாறு விற்கிறவனின் கூவல். நாலு பிள்ளைகள் ஒரு பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன்தூள் ஆலையின் நாற்றம் காற்றோடு வந்து போனது.

கடைசிக் குடையைத் தாண்டியதும் வண்டி கனத்தது.

யாரோ ஓடிவந்து பின்னால் ஏறி உட்கார்ந்தால் ஹேண்டில் லேசாக ஆடுமே, அப்படி ஒரு முறை ஆடி நின்றது. மோட்டாரின் முனகல் மாறியது, ஒருவரை இழுக்கிற முனகலாக இல்லை. சார்ஜ் காட்டும் கோடுகளில் ஒன்று அணைந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

டானிட்சா திரும்பவில்லை.

முதுகில் ஈரம் படர்ந்தது. வியர்வை இல்லை, குளிர்ந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடற்பாசி நாற்றம் கழுத்தருகே வந்தது.

பிறகு இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள்.

குனிந்து பார்த்தாள். கைகள் தெரியவில்லை. சட்டை மட்டும் இரண்டு பக்கமும் அமுங்கிச் சுருங்கியிருந்தது. சின்ன வயதில் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது இவோன் பிடிக்கிற அதே பிடி, விலா எலும்புக்குக் கீழே.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒன்று உறைத்தது. குளிர். அவ்வளவுதான். அதுவே அவளுக்கு இதமாக இருந்தது. அதுதான் பயங்கரம்.

சாலை முடிந்தது. வேலி தெரிந்தது. டானிட்சா பெடலிலிருந்து காலை எடுத்தாள். வண்டி நிற்கவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். கட்டைகள் கிறீச்சிட்டன, சக்கரம் மெதுவாக உருண்டுகொண்டே இருந்தது, இடைவெளியை நோக்கி.

காதுக்குள் மூச்சு பட்டது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி, டானி."

வேலி பின்னால் போனது.

"அங்கேர்ந்துதான் நல்லா தெரியும்."

குரலில் கோபம் இல்லை. அக்கா சொன்ன வேலையைச் சரியாகச் செய்து முடிக்கப் பார்க்கிற பெண்ணின் குரல். விளிம்புக்கு அந்தப் பக்கம் கடல் மினுமினுத்தது. போய்விட்டால்தான் என்ன என்று டானிட்சாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பும் அவளைப் பதற வைக்கவில்லை. பிரேக்கின்மேல் விரல்கள் தளர்ந்தன.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இவள் யாரையும் கொல்ல வரவில்லை. போ என்று சொன்னவள் வா என்று இன்னும் சொல்லவில்லை. அதனால் எட்டு மாதமாக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

டானிட்சா இரண்டு காலையும் பாறையில் ஊன்றினாள். செருப்பு வழுக்கியது. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதோடு சேர்ந்து விழுந்தாள். முழங்கை உரிந்தது. விழுந்த இடத்திலிருந்தே, பின்னால் யாரோ விழுந்து கிடக்கிற பக்கமாகப் பார்த்துப் பேசினாள்.

"நான் சொன்னது தப்பு இவோன். அலை இருக்குன்னு நீ சொன்னே, நான்தான் காதுல வாங்கல. படம் வேண்டாம். எந்தப் படமும் வேண்டாம். இதுக்கு மேல தள்ளிப் போகாதே. வேலிய தாண்டி ஊர்ப் பக்கம் வந்துடு."

ஒன்றும் நடக்கவில்லை.

கவிழ்ந்த வண்டியின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அதன்பிறகு பாறையில் ஓர் ஈரத்தடம் விழுந்தது. வெறுங்கால் தடம். விரல் ஐந்தும் கடலைப் பார்த்து இருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் வெகுநேரம் அங்கேயே இருந்தன.

மூன்றாவது தடம் வேலியைப் பார்த்து விழுந்தது.

நாலாவது, ஐந்தாவது. ஒவ்வொன்றும் விழுந்ததும் வெயிலில் ஓரம் சுருங்கிக் காய்ந்தது. இடைவெளியைத் தாண்டிச் சாலையின் தாரில் ஏறியதும் தடங்கள் நின்றுவிட்டன.

திரும்பி வரும்போது வண்டி இலகுவாக இருந்தது. சட்டை காய்ந்துவிட்டது. போய்விட்டாள் என்று நினைத்தாள் டானிட்சா. அழுகை வரும் என்று கடை வாசல்வரை காத்திருந்தாள், வரவில்லை.

அன்று மாலை, தேநீரும் ரொட்டியும் வைத்துக்கொண்டு, யெர்கோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விட்டுவைத்திருந்த அந்த வார்த்தைகளையும் சேர்த்து.

அவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "அவ பயந்தாளா, அன்னிக்குப் போகும்போது?" என்று கேட்டான்.

"தெரியல. நான் தலைய தூக்கிப் பார்க்கல."

பதினோரு நாள் அவன் அவளோடு பேசவில்லை. வாய் ஓயாத மனிதன் கடைக்குள் பதினோரு நாள் ஊமையாக நடமாடினான். பன்னிரண்டாம் நாள் அவளுடைய வண்டியைக் கேட்காமலே கவிழ்த்துப் போட்டு பிரேக் கட்டை மாற்றினான். "தேய்ஞ்சு போச்சு, இதோடயா ஊர் சுத்துறே, அறிவு கெட்டவளே," என்றான். அதன்பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. மன்னித்தானா என்று அவளுக்குத் தெரியாது, அவள் கேட்கவுமில்லை.

குகைப் பாதையை நிறுத்திவிட்டார்கள். நாலாம் நம்பரை யெர்கோ பாகம் பாகமாகக் கழற்றினான். அதன் சீட்டு காய்ந்தே இருந்தது. இனிக் கடலுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே, அசாபா பள்ளத்தாக்குக்குத்தான் சவாரி. ஆலிவ் தோப்பு, புழுதிச் சாலை, கடல் கண்ணில் படாத இடம்.

அந்தப் பாதையில் முதல் சவாரிக்கு மூன்று பயணிகள் வந்தார்கள். ஒர்டென்சியா என்ற அம்மாளின் தோப்பில் இறங்கி, மரநிழலில் ஆலிவும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். தோப்பு வாசலில் சங்கிலியில் ஒரு நாய். முகம் முழுக்கத் தழும்பு. வந்ததிலிருந்து தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருந்தது.

"கிட்டப் போயிடாதீங்க," என்றாள் ஒர்டென்சியா. "சோறு போடுற என்னையே ரெண்டு தடவை கடிச்சிருக்கு. பாவி மவன், பொறந்ததுலேர்ந்து ஒருத்தரையும் தொட விட்டதில்ல."

அவள் சொல்லி முடிக்கும்போது குரைப்பு நின்றுவிட்டது.

டானிட்சா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சைக்கிளை வாசல் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தாள். நாய் சங்கிலி நீளும் அளவுக்கு அதனருகே வந்து, காதை மடக்கி, வாலைத் தரையில் அடித்துக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல முன்னங்கால்களை மடக்கிப் படுத்தது. புரண்டு மல்லாந்தது.

அதன் வயிற்று ரோமம் வகிடு எடுத்ததுபோல் பிரிந்தது.

விரல்கள் தடவியதுபோல் ஐந்து கோடுகள். கழுத்திலிருந்து வயிறுவரை மெதுவாக இறங்கின. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கின. நாய் கண்ணை மூடிக்கொண்டது.

"கிளம்பலாமா?" என்று பயணிகளில் ஒருவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் டானிட்சா.

நாய் எழுந்திருக்கும்வரை அவள் வண்டியிடம் போகவில்லை.