கிளிமீன் குடலைத் தேடி

"மனிதன் நிலவைத் தொட்டுவிட்டான், இமயத்தை மிதித்துவிட்டான்! மிச்சமிருப்பது மீனின் வயிறு ஒன்றே. இன்று அதையும் வெல்வோம்!"

வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று பேராசிரியர் நீலமேகம் முழங்கினார். மூன்றாவது அலையில் அவருடைய வயிறே அவரை வென்றது. பிறகு அவர் ஒரு சாக்கைப் போர்த்திப் படுத்தபடியே பயணத்துக்குத் தலைமை தாங்கினார்.

அவருடைய ஆய்வு மாணவி பிரபாவதிக்கு வாந்தி எடுக்கக்கூட நேரமில்லை. பவளப்பாறையில் பாசி மேயும் கிளிமீனின் குடலில் வாழும் பாக்டீரியாதான் அவள் தேடும் புதையல். மூன்று வருட ஆராய்ச்சியில் அது ஒன்றுதான் பாக்கி. தீவுப் பக்கம் போக வாங்கிய அனுமதியோ இன்று மாலையோடு முடிகிறது. குடல் கிடைக்காவிட்டால் பட்டம் கிடையாது!

"நேத்துப் போட்ட மீன்கூடு இங்கனதான் கெடக்கு," என்று படகுக்காரர் சூசை நங்கூரத்தை இறக்கினார். "கயிறு பாறையில மாட்டிருக்கும் போல. நீரோட்டம் இழுக்குது, பாத்து வாங்க தாயி."

சூசையும் பிரபாவதியும் குதித்தார்கள். அடியில், கூட்டுக்குள் இரண்டு கிளிமீன்கள் பச்சையும் நீலமுமாய் மின்னின. ஆனால் கூட்டின் மேல் பாம்பு போன்ற அஞ்சாலை மீன் ஒன்று சுருண்டு கிடந்து பல்லைக் காட்டியது. கடித்தால் விரல் மிஞ்சாது! சூசை கூட்டை ஓங்கி உலுக்கினார். அஞ்சாலை வழுக்கிக்கொண்டு பாறை இடுக்கில் மறைந்தது. மூச்சு முட்ட, பிரபாவதி கயிற்றை விடுவித்தாள். கூடு மேலே ஏறியது. வெற்றி!

மீன் மேய்ந்த பாசியிலும் ஒரு பிடி வேண்டுமே என்று அவள் மறுபடி மூழ்கினாள். திரும்பி வந்து படகில் ஏறியபோது இரண்டு மீன்களும் வயிறு கீறி, கழுவி, பளபளவென்று வரிசையாகக் கிடந்தன.

"குடல் எங்கே அண்ணே?"

"பாசி திங்கிற மீனுல்ல தாயி. குடலோட வச்சா கறி நாறிப்போகும். ஏத்துன கையோட கீறிருவோம், அதான் எங்க வழக்கம். நாலு தண்ணி அலசிருக்கேன் பாருங்க!"

மூன்று வருட உழைப்பையும் நாலு தண்ணீரில் அலசிவிட்டார். பிரபாவதி ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாக்குக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "பதறாதே அம்மா. அறிவியலில் தோல்வியும் ஒரு முடிவுதான். அதை உன் பெயரில் எழுதிக்கொள்."

"கடல்லயா போட்டீங்க?" என்றாள் அவள்.

"கடல்ல எவனாச்சும் போடுவானா? நண்டு பிடிக்க இரையாச்சே!" சூசை ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே, பாலித்தீன் பையில், இரண்டு குடல்களும் அறுபடாமல் சுருண்டிருந்தன.

பிரபாவதி சிரித்தாள், அழுதாள், பிறகு கையுறை மாட்டிக்கொண்டு குப்பிகளை நிரப்பினாள்.

"இதுக்குத்தானா இம்புட்டுப் பாடு? காலையிலயே சொல்லிருக்கலாம்ல!" என்றார் சூசை.

சொல்லியிருக்கலாம்தான். கத்தி வைத்திருப்பவரிடம் முதலில் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டாள். சூசை வீட்டுக் குழம்பில் இரண்டு மீன்களும் தீர்ந்தன. ஆய்வகத்தில் பாக்டீரியா நலமாக இருந்தது. பட்டம் தப்பியது.

மறுவாரம் நாளிதழில், கையில் மீனோடு பேராசிரியரின் படம் வந்தது. 'ஆழ்கடல் குடலை வென்ற தமிழர்' என்று தலைப்பு. அவர் பிடித்திருந்தது மண்டபம் சந்தையில் சுத்தம் செய்து வாங்கிய சங்கரா மீன். அதற்குக் குடல் இல்லை.