தவளை எழுத்துத் தெரு

நான் பொய் சொல்வதே இல்லை. அதனால் இதை அப்படியே நம்பலாம்.

குன்சான் துறைமுகத்துக்குப் பின்தெருவில் நான் ஹொத்தொக் சுடுகிறேன். உள்ளே வெல்லப்பாகு வைத்த அப்பம். பக்கத்து வீட்டு யெசுலுக்குப் பத்து வயது. அவள் எழுதும் எழுத்து ஒன்று குதிக்கும், இன்னொன்று அதன் முதுகில் ஏறும். அவளுடைய சித்தி அந்தக் கையெழுத்தைக் கணினியில் ஏற்றி, ‘தவளை’ என்று ஓர் எழுத்துரு ஆக்கிவிட்டாள். விசையைத் தட்டினால் போதும், திரையில் தவளை குதிக்கும்.

முதல் தவளை என் கடைப் பலகையில்தான் ஏறியது. அன்று கடற்பறவைகள்கூட வரிசையில் நின்றன.

வட்ட அலுவலக அதிகாரி நம்குங் அதைப் பார்த்துவிட்டார். “தெரு முழுக்க இதே எழுத்து, இதே நிறம்! எவ்வளவு ஒழுங்கா இருக்கும்!” என்றார். ஒரே வாரத்தில் எல்லாப் பலகைகளையும் மாற்றினார்.

பிறகு ஒரு பல்வலிக்காரர் என் கடைக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். திறந்த வாயில் நான் என்ன போடுவேன்? ஹொத்தொக்தான். இன்னொருவர் முடிவெட்டிக்கொள்ள இறைச்சிக் கடையில் தலையைக் குனிந்தார். கத்தியைப் பார்த்து ஓடியவர் இன்னும் நிற்கவில்லையாம்.

என்னைத் தேடி வந்தவர்களோ என்னைக் கண்டுபிடிக்கவே இல்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

“என்ன தாத்தா, கல்லு ஆறிக் கெடக்கு?” என்று யெசுல் கேட்டாள்.

“எல்லாப் பலகையும் ஒரே மாதிரி சிரிக்குது. காலையில நானே மருந்துக் கடைப் பூட்டுல சாவியைப் போட்டுத் திருகிட்டு இருந்தேன்.”

அவள் தெருவைப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அவளுடைய கையெழுத்து. பள்ளியில் அவளுக்கு அதனால் தனி மரியாதை.

“எடுத்துடலாம், தாத்தா.”

“உன் எழுத்தையா?”

“ஆமா. வாங்க.”

அலுவலகத்தில் நம்குங் கேட்டார்: “ஏம்மா, உனக்குப் பெருமையா இல்லையா?”

“ரொம்பப் பெருமையா இருக்கு, சார். ஆனா தாத்தா கடைய யாராலயும் கண்டுபிடிக்க முடியல. அவங்கவங்க கடைப் பேர அவங்கவங்களே எழுதட்டும். சித்தி பலகையாக்கித் தருவாங்க.”

“அப்போ ஒழுங்கு?”

“உங்க ஆபீசத் தேடி அஞ்சாறு கடை ஏறி எறங்கிட்டு வர்றோம், சார்.”

நம்குங் சன்னல் வழியாகத் தன் பலகையை எட்டிப் பார்த்தார். இருமினார். சம்மதித்தார்.

யெசுல் கடை கடையாக ஏறி, பேர் எழுதத் தாள் கொடுத்தாள். முடிதிருத்துபவர் சுருள் சுருளாக எழுதினார். இறைச்சிக்காரர் எழுத்தில் எலும்பு தெரிந்தது. என் கடை வாசலில் அந்த முதல் தவளையே தங்கட்டும் என்றேன். மறுநாளே கல் சூடேறியது.

எதிர்ப்பக்கத்துப் பல் மருத்துவர் பாங்கோ தாளையே வாங்கவில்லை.

“என் பலகையத் தொடாதே, யெசுல்! முன்னெல்லாம் பிள்ளைங்க வாசல்லயே வாய இறுக்க மூடிக்கும். இப்போ பலகையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வருதுங்க. வாயத் திறன்னு நான் சொல்லவே வேண்டியதில்ல!”

அப்படித்தான் தெருவின் இந்தப் பக்கம் ஒரு தவளை, அந்தப் பக்கம் ஒரு தவளை. பிள்ளைகள் முதலில் என்னிடம் வருவார்கள். கொஞ்ச நாள் கழித்து அவரிடம் போவார்கள்.