ஒட்டுக்குக் கீழே

மாடித் தொட்டியில் நின்ற ஆப்பிள் மரத்தில், கார்த்திகேசன் கட்டாத சீட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, ஓட்டை போட்டு, சணலில் கட்டியிருந்தது. பென்சில் எழுத்து. ‘மேல்: இளவரசு. கீழ்:’ அதற்கப்புறம் காலி. ஒட்டுக்கட்டும்போது மேலே செருகிய குச்சி எது, கீழே வேர்விட்ட செடி எது என்று இப்படி எழுதிக் கட்டுகிற பழக்கம் அவனுக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. பவானியின் அண்ணன், சிதம்பரத்து இளவரசு. அவர் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பவானிதான் எதையோ கிளறியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு, சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டான். மஞ்சக்குப்பத்து வைகாசி வெயிலில் தளம் கொதித்தது. கழுத்தைச் சுற்றி அரித்தது. வியர்க்குரு போலிருக்கிறது. நான்கு மணிக்கு மாடித்தோட்டக் குழுவினர் வருகிறார்கள். மரத்தில் ஐந்து பழங்கள், மஞ்சளில் சிவப்புக் கீற்றோடு, பன்னீர் வாசனையோடு. ‘கார்த்தி ஒன்று’ என்று பெயர்கூட வைத்துவிட்டான்.

“ஏங்க, அண்ணன் வீட்டு மரத்து வாசனையா அடிக்குதே?” என்று கீழே அடுப்படியிலிருந்து கேட்டாள் பவானி. கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் ஒரே வம்சந்தானே, அப்படித்தான் அடிக்கும்” என்றான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்தேதான் இந்தப் பைத்தியத்தில் இறங்கினார்கள். வெயில் தாங்கும் செடிகளை வரவழைத்து, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் தூரிகையால் தொட்டு வைத்து, விதையெடுத்து முளைக்கவைத்தார்கள். கார்த்திகேசனின் கன்று இலையாக விட்டுத் தள்ளியதே தவிர ஒரு பூ பூக்கவில்லை. இளவரசின் கன்று ஐந்தாம் வருஷமே காய்த்தது. அந்த மனிதர் அதற்குத் தங்கையின் பெயரை வைத்தார். பவானி ஆப்பிள்! அந்தப் பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை, இருபது வருஷக் குடித்தனத்தில் கார்த்திகேசன் ஒருநாளும் பார்த்ததில்லை. வயிறு பற்றி எரிந்தது. ஒரு குச்சி கேட்டால் இளவரசு தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டு, “இருக்கட்டும் மாப்ள, இன்னும் ரெண்டு காப்பு பாத்துட்டுத் தரேன்” என்பார்.

முந்தின வருஷம் சிதம்பரத்தில் மார்கழித் தேர் பார்க்க எல்லோரும் கிளம்பியபோது, முட்டி வலி என்று இளவரசின் வீட்டிலேயே படுத்துக்கொண்டான். மரம் தூங்குகிற மாசம், குச்சி வெட்டத் தோதான காலம். தேர்முட்டியிலிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே ஆறு குச்சிகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றினான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பழம் தன் ஒருவனிடம்தான் இருக்கவேண்டும் என்றிருந்தது. தூரில் களைக்கொல்லியை ஊற்றினான். வீடு திரும்பியதும், பூக்காத தன் மரத்தின் தலையை அறுத்தெறிந்துவிட்டு, பிளந்த அடியில் இளவரசின் குச்சியைச் செருகி, பச்சை டேப்பால் இறுக்கிச் சுற்றினான்.

தை முடிவதற்குள் சிதம்பரத்து மரம் கருகிப்போனது. “உங்கிட்ட ஒரு குச்சியாச்சும் குடுத்து வச்சிருக்கலாம் மாப்ள. எம்புத்தி போச்சு” என்று இவன் தோளில் சாய்ந்து அழுதார் இளவரசு. பங்குனியில் அவரும் போய்விட்டார்.

அரிப்பு தாங்கவில்லை. மாடிப்படி முகப்பில் இருந்த கண்ணாடியிடம் போனான். சட்டைக் காலரை விலக்கினான்.

கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம்.

டேப். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஓரம் கிடைக்கவில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இழுத்தான். தோலும் கூடவே வந்தது. வளையத்துக்கு மேலே தாடை கொஞ்சம் கறுத்திருந்தது. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். அவனுக்கு அங்கே மச்சம் கிடையாது.

பையிலிருந்த சீட்டைப் பிரித்தான்.

‘மேல்: இளவரசு. கீழ்: கார்த்தி.’

பன்னீர் வாசனை மூச்சை அடைத்தது. பின்னால் கிளை அசைந்தது. காற்றே இல்லை.

படியில் கொலுசுச் சத்தம். பவானி கேசரித் தட்டோடு ஏறி வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். குச்சியை, களைக்கொல்லியை, எல்லாவற்றையும். காலில் விழலாம். வாயைத் திறந்தான்.

தொண்டை செருமியது. ஒரு முறை. இன்னொரு முறை.

அவன் செருமவில்லை.

“பாப்பா, பழுத்துடுச்சு பாத்தியா?” என்றது வாய்.

அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. தட்டு நழுவிப் படியில் உருண்டது. அவள் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. இருபது வருஷமாக அவன் ஏங்கிய அதே சிரிப்பு.

“அண்ணா... எப்பண்ணா வந்த?” என்று கிட்டே வந்து இரண்டு கைகளாலும் அந்த முகத்தைத் தாங்கிக்கொண்டாள். “அவுரு எங்க?”

கழுத்துக்குக் கீழே, கார்த்திகேசனின் கைகள் அவள் புடவையைப் பற்றிப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தன. அவள் குனிந்து பார்க்கவே இல்லை.